பின் டீரெயிலர்: நெல்லைச் சீமையில் கியர் சைக்கிள் ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கியர் சைக்கிள் இன்று பணகுடியிலும் உண்டு, பாபநாசத்திலும் உண்டு. கியர் தெரிந்த கடைதான் எல்லா ஊரிலும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுகிற மெக்கானிக்கூட, பின்சக்கரத்தின் ஓரம் தொங்கி, செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் டீரெயிலரைக் கண்டால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து நாலு சுற்று திருகிப் பார்க்கிறார். பல நேரம் பழுது தொடங்குவதே அங்கேதான்.

இங்கே சொல்வது 6, 7 கியர் பழைய மலைச் சைக்கிளிலிருந்து 12 கியர் வரை பொருந்தும். எண்ணிக்கை என்பது பின்பக்கப் பல்சக்கரங்களின் எண்ணிக்கை. ‘வலமாக’ என்றால் கடிகார முள் ஓடும் பக்கம், ‘இடமாக’ என்றால் அதற்கு எதிர். ‘உள்ளே’ என்றால் ஸ்போக்ஸ் கம்பிப் பக்கம், ‘வெளியே’ என்றால் நாம் நிற்கும் பக்கம்.

டீரெயிலர் எப்படி வேலை செய்யுது? அது தெரியாம செட் பண்ண முடியாதா?

தெரிந்தால் பாதி வேலை மிச்சம். டீரெயிலருக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது எப்போதும் செயினை வெளியே, சின்னப் பல்சக்கரத்துக்குத் தள்ளப் பார்க்கும். கேபிள் அதற்கு எதிராக உள்ளே, பெரிய பல்சக்கரத்துக்கு இழுக்கும். கைப்பிடியில் கியர் மாற்றும் ஷிஃப்டரில் ஒரு ‘க்ளிக்’ என்றால் அளந்து வைத்த நீளத்துக்குக் கேபிள் இழுபடும் அல்லது தளரும், அவ்வளவுதான். ஆகவே பெரிய சக்கரத்துக்கு ஏறச் சிரமப்பட்டால் கேபிளின் இழுப்பு போதவில்லை. சின்னதுக்கு இறங்கச் சிரமப்பட்டால் ஒன்று இழுப்பு கூடிவிட்டது, அல்லது ஸ்பிரிங்கால் கேபிளைத் திரும்ப இழுக்க முடியாதபடி எங்கோ உராய்வு. இந்த இரண்டு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கீழே தொங்கும் கூண்டில் இரண்டு ஜாக்கி வீல்கள். மேலுள்ளது செயினுக்கு வழிகாட்டும், கீழுள்ளது தொய்வை இழுத்துப் பிடிக்கும்.

கியர் சரியா விழலை, கட கடன்னு சத்தம். முதல்ல எந்த ஸ்க்ரூவத் திருகணும்?

எதையும் திருகக் கூடாது. நேற்று வரை நன்றாக ஓடிய சைக்கிளில் லிமிட் ஸ்க்ரூ, அதாவது டீரெயிலர் உள்ளேயும் வெளியேயும் போகும் தூரத்துக்கு எல்லை கட்டும் ஸ்க்ரூ, தானாகத் திருகிக்கொள்வது மிக அபூர்வம். வேறு ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடும் வரிசை இது.

முதலில் பின்சக்கரம். நம் பக்கம் உடைமுள்ளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சர் ஒட்டிவிட்டுச் சக்கரத்தை மாட்டும்போது ஆக்சில் ஒரு பக்கம் முழுதாக உட்காராமல் சாய்ந்து நின்றால் பல்சக்கரங்கள் எல்லாமே இடம் மாறிவிடும். ‘பஞ்சர் பார்த்த மறுநாளிலிருந்து கியர் சரியில்லை’ என்பவருக்கு மருந்து இதுதான்: சைக்கிளைத் தரையில் நிறுத்தி, நட்டை அல்லது குயிக் ரிலீஸைத் (கையால் திறந்து மூடும் ஆக்சில் பிடி) தளர்த்தி, சக்கரத்தைப் பள்ளத்தில் முழுதாக அமர விட்டு மறுபடி இறுக்குங்கள். விலை குறைந்த சைக்கிள்களில் டீரெயிலர் ஒரு தகட்டில் மாட்டப்பட்டு, அந்தத் தகடும் ஆக்சில் நட்டோடு சேர்ந்தே இறுகும். அந்தத் தகடு நகர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது ஹேங்கர். மூன்றாவது கேபிள். நான்காவது செயின், பல்சக்கரத் தேய்மானம். ஐந்தாவதுதான் அட்ஜஸ்டர், கேபிள் நுழையும் இடத்தில் அதன் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு. லிமிட் ஸ்க்ரூ கடைசி.

ஹேங்கர் வளைஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

ஹேங்கர் என்பது பிரேமையும் டீரெயிலரையும் இணைக்கும் சின்ன உலோகத் துண்டு. அலுமினியப் பிரேமில் அது தனியாகக் கழற்றும்படி, வேண்டுமென்றே மெலிதாகச் செய்யப்பட்டிருக்கும். அடிபட்டால் பிரேம் தப்பித்து இது வளையும் அல்லது முறியும்.

வளைய பெரிய விபத்து வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்தாலே போதும். ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காற்றுக் காலத்தில் இது சாதாரணமாக நடப்பது. வலப்பக்கம் சுவரை நோக்கி இருக்கும்படி நிறுத்தும் பழக்கம் நல்லது.

சைக்கிளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். மேல், கீழ் ஜாக்கி வீல் இரண்டும் பல்சக்கரத்தோடு ஒரே நேர்கோட்டில் செங்குத்தாக நிற்க வேண்டும். கீழுள்ளது உள்ளே சாய்ந்திருந்தால் ஹேங்கர் உள்ளே வளைந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தால் நிச்சயம் வளைவுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியாத வளைவும் கியரைக் கெடுக்கும். பக்கத்துப் பக்கத்துப் பல்சக்கரங்களின் நடுமையத் தூரம் 7 கியரில் சுமார் 5 மி.மீ., 9 கியரில் 4.35 மி.மீ., 10 கியரில் 3.95 மி.மீ. தான். கியர் கூடக் கூடப் பிழைக்கு இடம் குறைகிறது. 7 கியர் சைக்கிள் பொறுத்துக்கொள்ளும் வளைவை 12 கியர் பொறுக்காது.

இதை அளக்க ஹேங்கர் கேஜ் என்ற கருவி உண்டு. ஹேங்கரில் திருகி, அதன் கையை ரிம்மைச் சுற்றி நான்கு இடத்தில் வைத்து இடைவெளியைப் பார்ப்பார்கள். நான்கிலும் வித்தியாசம் 4 மி.மீ.க்குள் இருந்தால் சரி, 11, 12 கியருக்கு இன்னும் குறைவாக இருந்தால் நல்லது. கருவி இல்லாத ஊரில் ஒரு வழி இருக்கிறது: ஹேங்கரின் மரை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடை. கியர் சைக்கிள்களின் நட்டுப் போட்ட பின் ஆக்சில் பலவற்றிலும் இதே மரைதான். டீரெயிலரைக் கழற்றிவிட்டு, இன்னொரு பின்சக்கரத்தின் ஆக்சில் முனையை ஹேங்கரில் கையாலேயே திருகுங்கள். கையால் லேசாக ஏறினால்தான் அது சரியான மரை, முரண்டு பிடித்தால் விட்டுவிடுங்கள். ஏறிய பிறகு இரண்டு சக்கரமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இரண்டு ரிம்மும் மேலே, கீழே, முன்னே, பின்னே ஒரே இடைவெளியில் இருந்தால் ஹேங்கர் நேர். இல்லையென்றால் அந்தச் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து மெல்ல நிமிர்த்தலாம்.

இரும்பு ஹேங்கரைப் பல முறை நிமிர்த்தலாம். அலுமினியத்தை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. அதற்கு மேல் விரிசல் விட்டு, மலைப்பாதை நடுவில்தான் கைவிடும். ஹேங்கரில் நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருப்பதால் இணையத்தில் வாங்கும்போது பழையதைக் கழற்றிப் படமெடுத்து, ஓட்டைகளின் இடைவெளியை அளந்து ஒப்பிடுங்கள். வாங்குவதே வாங்குகிறீர்கள், இரண்டாக வாங்கி ஒன்றை சீட்டுப் பையில் போட்டு வையுங்கள்.

பெரிய சக்கரத்துக்கு நல்லா ஏறுது, இறங்கத்தான் மாட்டேங்குது. அட்ஜஸ்டரத் தளர்த்தினா இறங்குது, ஆனா ஏற மாட்டேங்குது. என்ன கூத்து இது?

இது கேபிள் உராய்வு. அட்ஜஸ்டரால் ஒருநாளும் தீராது. கையால் ஷிஃப்டரை அழுத்தும்போது நம் பலம் உராய்வை மீறி இழுத்துவிடுகிறது. திரும்பும்போது ஸ்பிரிங்கின் பலம் போதவில்லை.

சோதனை எளிது. கேபிளை டீரெயிலரிலிருந்து கழற்றுங்கள். டீரெயிலரைக் கையால் உள்ளே தள்ளிவிட்டு விடுங்கள். ‘டப்’பென்று வெளியே வந்தால் டீரெயிலரில் குறையில்லை. இப்போது கேபிள் முனையை ஒரு கையால் பிடித்து, மறு கையால் ஷிஃப்டரை இயக்கிப் பாருங்கள். மணலை அரைப்பது போல நறநறவென்று கையில் தட்டுப்பட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டார். பெரும்பாலும் பின்சக்கரத்தருகே வளைந்து இறங்கும் கடைசித் துண்டு வெளிக்குழாய்தான். மழைத் தண்ணீரும் மண்ணும் அதன் வழியேதான் உள்ளே இறங்கித் தங்கும்.

சுத்தம் செய்து எண்ணெய் விட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். கேபிளையும் குழாயையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனம். கியர்க் கேபிளின் உள்கம்பி 1.2 மி.மீ., வெளிக்குழாய் பெரும்பாலும் 4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியாகக் கேளுங்கள், உவரி, கூத்தங்குழி, இடிந்தகரைப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் கட்டாயம். பிரேக் குழாயை வெட்டிப் போட்டுத் தரும் கடைகள் உண்டு, ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரேக் குழாயில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அழுத்தினால் அது சற்றுச் சுருங்கும், அந்தச் சுருக்கம் கியரின் அளவைக் கெடுக்கும். கியர்க் குழாயில் கம்பிகள் நீளவாக்கில் போகும், சுருங்காது. இதையே மாற்றிக் கியர்க் குழாயைப் பிரேக்குக்குப் போட்டால் அழுத்தத்தில் வெடித்துப் பிரேக் போய்விடும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குழாயைக் கூரான கேபிள் கட்டரால் வெட்டுங்கள். சாதாரண கட்டிங் பிளேயர் குழாயை நசுக்கும். வெட்டிய முனையை அரத்தால் தட்டையாக்கி, உள்ளே மூடிக்கொண்ட பிளாஸ்டிக் ஓட்டையைக் கோணி ஊசியால் திறந்து, முனைக்கு மூடி போடுங்கள். குழாய் பழையதன் நீளமே இருக்கட்டும். குட்டையானால் மடங்கி இழுக்கும், நீண்டால் செடியில் சிக்கும். கேபிளை டீரெயிலரில் மாட்டும் போல்ட்டை 5 முதல் 7 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம். பிறகு மீதிக் கம்பியை 3, 4 செ.மீ. விட்டு வெட்டி முனைத் தொப்பி போடவும்.

கேபிள் புதுசு. ரெண்டு நாள்ல கியர் விலகிட்டு. கேபிள் நீண்டு போச்சா?

கேபிள் நீள்வதில்லை. குழாயின் முனைகள் மூடிக்குள் இறங்கி அமர்கின்றன, அதனால் இழுப்பு குறைகிறது. அட்ஜஸ்டரை அரைச் சுற்று இடமாகத் திருகினால் போதும். ஆனால் பழைய கேபிளில் வாரா வாரம் இப்படித் திருக வேண்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஷிஃப்டருக்குள் கேபிள் தலையருகே இழை இழையாக அறுந்துகொண்டிருக்கலாம்.

எல்லா ஸ்க்ரூவையும் ஏற்கெனவே திருகியாச்சு. மொதல்ல இருந்து எப்படி செட் பண்றது?

சைக்கிளின் பின்சக்கரம் தூக்கி நிற்க வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் சீட்டின் முன்பாகத்தை ஒரு கயிற்றில் கட்டி வேப்பங்கிளையில் தொங்கவிடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்து வைத்தும் செய்யலாம், ஆனால் ‘வலம், இடம்’ குழம்பும்.

ஒன்று: ஷிஃப்டரைச் சின்னப் பல்சக்கரத்துக்கு விட்டு, கேபிளைக் கழற்றிவிடுங்கள். அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகி, பிறகு ஒரு சுற்று வெளியே எடுங்கள். புதிய மலைச் சைக்கிள் டீரெயிலர் பலவற்றில் அட்ஜஸ்டர் இருக்காது, ஷிஃப்டரில் மட்டும் இருக்கும்.

இரண்டு: ‘எச்’ ஸ்க்ரூ. இது வெளி எல்லை. எழுத்து அழிந்து எது எச், எது எல் என்று தெரியாவிட்டால், இப்போது செயின் சின்னச் சக்கரத்தில் இருக்கும்போது இரண்டையும் மாறி மாறி அரைச் சுற்றுத் திருகிப் பாருங்கள். எதைத் திருகினால் டீரெயிலர் அசைகிறதோ அது எச். வலமாகத் திருகினால் டீரெயிலர் உள்ளே நகரும். பின்னாலிருந்து பார்க்கும்போது மேல் ஜாக்கி வீல், சின்னப் பல்சக்கரத்தின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும்.

மூன்று: கேபிளைக் கையால் இழுத்துத் தொய்வில்லாமல் மாட்டி இறுக்குங்கள். பிளேயரால் விறைப்பாக இழுக்க வேண்டாம்.

நான்கு: பெடலைச் சுற்றிக்கொண்டே ஒரு க்ளிக் கொடுங்கள். இரண்டாவது சக்கரத்துக்கு ஏறாவிட்டால், கேபிள் நுழையும் பக்கத்திலிருந்து பார்த்து அட்ஜஸ்டரை இடமாகக் கால் சுற்று திருகுங்கள். இரண்டைத் தாண்டி மூன்றுக்குப் போனால் வலமாகக் கால் சுற்று. இரண்டாவதில் நின்ற பிறகு, செயின் மூன்றாவதை உரசும் சத்தம் கேட்கும் வரை இடமாகத் திருகி, சத்தம் நிற்கும் வரை வலமாகத் திருப்புங்கள். கண்ணை விடக் காது இதில் நம்பகமானது. பிறகு கடைசிப் பெரிய சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு கியராக ஏறி இறங்கிப் பாருங்கள்.

ஐந்து: ‘எல்’ ஸ்க்ரூ. உள் எல்லை, இதில் மட்டும் அசட்டை கூடாது. இது தளர்ந்திருந்தால் செயின் பெரிய சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸுக்குள் விழும். அதோடு டீரெயிலர், ஹேங்கர், ஏழெட்டு ஸ்போக்ஸ் எல்லாம் ஒரே நொடியில் போகும். முதலில் எல் ஸ்க்ரூவை வலமாகக் கூடுதலாகவே இறுக்கி வைத்து, செயின் பெரிய சக்கரத்துக்கு ஏறாத நிலையிலிருந்து தொடங்குங்கள். பிறகு கால் காலாக இடமாகத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். சுணங்காமல் ஏறும் இடத்தில் நிறுத்துங்கள். பெரிய சக்கரத்தில் இருக்கும்போது டீரெயிலரைக் கையால் உள்ளே தள்ளினாலும் செயின் தாண்டக் கூடாது.

பி ஸ்க்ரூன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு?

மேல் ஜாக்கி வீலுக்கும் பல்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை அது கட்டுப்படுத்தும். வலமாகத் திருகினால் இடைவெளி கூடும். பெரிய சக்கரத்தில் வைத்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் பல்லோடு பல் உரசினால் இடைவெளி போதாது. 7, 8, 9 கியருக்கு 5, 6 மி.மீ. இருந்தால் போதும். 12 கியரில் பெரிய பல்சக்கரம் 52 பல் வரை போவதால் அளவு வேறு. ஷிமானோ 12 கியர் டீரெயிலரின் கூண்டிலேயே அதற்குக் கோடு போட்டிருக்கிறார்கள், ஸ்ராம் நிறுவனம் தனி அளவுத் தகடு தருகிறது. பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் ஆள் ஏறி உட்கார்ந்த நிலையில் அளக்க வேண்டும். இடைவெளியைத் தேவைக்கு மேல் கூட்டினால் கியர் மந்தமாகும். ‘உரசாமல் இருந்தால் சரி’ என்று முழுதாகத் திருகி வைப்பது தவறு.

ஏத்தத்துல மிதிக்கும்போது ‘டங்’னு வழுக்குது. டீரெயிலர் பழுதா?

பெரும்பாலும் இல்லை. ஒரே ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. எல்லா கியரிலும் வழுக்கினால் செயினும் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒரு கண்ணி இறுகியிருக்கலாம். இறுகிய கண்ணியைக் கண்டுபிடிக்கப் பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, கீழ் ஜாக்கி வீலைப் பாருங்கள். இறுகிய கண்ணி வரும்போது கூண்டு ஒரு துள்ளுத் துள்ளும். அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் இரு கையாலும் மெல்ல வளைத்துக் கொடுத்தால் இளகும்.

செயின் தேய்மானத்துக்குத் தனிக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் ஆசாரியின் எஃகு டேப் போதும். ஒரு முழுக் கண்ணி 1 அங்குலம். செயினின் மேல்பக்கத்தை விறைப்பாக வைத்து, ஆணியின் மையத்திலிருந்து 16 முழுக் கண்ணி அளந்தால் புதுச் செயினில் 406.4 மி.மீ. 2 மி.மீ. கூடியிருந்தால் தேய்மானம் 0.5 சதவீதம். 11, 12 கியர் செயினை அப்போதே மாற்றிவிடுங்கள். 3 மி.மீ. கூடினால் 0.75 சதவீதம், 8 முதல் 10 கியர் செயினுக்கு அது எல்லை. தாமதித்தால் செயினோடு போகவேண்டிய செலவு கேசட்டுக்கும் (பின் பல்சக்கரத் தொகுதி) சேர்த்து வரும்.

அவசரத்துக்குச் சாதா சைக்கிள் செயின் போடலாமா?

போட முடியாது. கியர் இல்லாத சைக்கிள் செயினின் உள் அகலம் 3.2 மி.மீ., கியர்ச் செயினுக்குச் சுமார் 2.2 முதல் 2.4 மி.மீ. சாதாச் செயின் பக்கத்துப் பல்சக்கரத்தை உரசும், பக்கவாட்டில் வளையாது. கியர்ச் செயினிலும் வகை உண்டு: 6, 7, 8 கியருக்கு ஒரே செயின், 9, 10, 11, 12 ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. கழற்றி மாட்டும் க்விக் லிங்க்கும் அதே கணக்குத்தான்.

தேரி மணல்ல ஓட்டிட்டு வந்தா எப்படிச் சுத்தம் பண்ணணும்?

மண்ணுக்கு மண் வைத்தியம் வேறு.

திசையன்விளை, இடையன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிச் செம்மணல் மாவு போலப் பொடியானது, காற்றோடு பறப்பது. அங்கே தண்ணீரைத் தொடாதீர்கள். ஓர் அங்குலப் பெயிண்ட் பிரஷால் உலர்ந்தபடியே தட்டி, செயினை உலர்ந்த துணியால் பிடித்து இருபது சுற்று சுற்றித் துடையுங்கள். மணல் போன பிறகுதான் எண்ணெய். மணலுக்கு மேல் எண்ணெய் விட்டால் அது உப்புத்தாள் தேய்க்கும் வேலையைச் செய்யும்.

மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் வேறு ரகம். மழைக்குப் பின் டயரில் ஏறி, கூண்டுக்குள் அடைத்து, ஜாக்கி வீல்களை நிறுத்திவிடும். அந்த நிலையில் மிதித்தால் செயின் டீரெயிலரையே மேலே இழுத்து ஹேங்கரை முறிக்கும். சத்தம் மாறியதும் இறங்கிக் குச்சியால் நோண்டி எடுங்கள். வெட்கம் வேண்டாம், அங்கே எல்லோரும் இறங்குவார்கள். காய்ந்துவிட்டால் கல்தான். வீட்டுக்கு வந்து ஈரத்துணி சுற்றி அரை மணி நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். அம்பாசமுத்திரம், களக்காட்டுப் பக்கத்து வயல் வரப்பில் போகிறவர்கள் ஜாக்கி வீல் ஓரத்தில் வாழைநாரும் வைக்கோலும் சுற்றியிருக்கிறதா என்று பார்த்துப் பிளேடால் அறுத்தெடுங்கள்.

கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அலசிய கையோடு துடைத்து உலர்த்துங்கள். மோட்டார் பைக் வாட்டர் சர்வீஸில் கொடுத்துப் பீய்ச்சி அடிப்பதை மட்டும் செய்யாதீர்கள். அழுத்தத் தண்ணீர் ஹப்புக்குள்ளும் ஜாக்கி வீல் புஷ்ஷுக்குள்ளும் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும்.

என்ன எண்ணெய் விடலாம்? தேங்காய் எண்ணெய் ஆகுமா?

ஆகாது. நாள்பட்டால் பிசினாகும். பழைய என்ஜின் ஆயிலில் உலோகத் துகள் இருக்கும், புது என்ஜின் ஆயில் கெட்டியாகி மண்ணை வாரிக்கொள்ளும். சுத்தம் செய்யும் மண்ணெண்ணெய், டீசல் இரண்டும் எண்ணெய்க்கு மாற்று அல்ல. டபிள்யூ டி 40 ஈரத்தை விரட்டும், செயினுக்கு எண்ணெயாக நிலைக்காது. சைக்கிள் செயினுக்கென விற்பதில் தேரிக்கும் கோடைக்கும் ‘டிரை’ வகை, ஐப்பசி கார்த்திகை மழைக்கும் தென்காசிச் சாரலுக்கும் ‘வெட்’ வகை. ஒன்றுமே கிடைக்காத ஊரில் தையல் மிஷின் எண்ணெய் பரவாயில்லை, அடிக்கடி விட வேண்டும்.

கண்ணிக்கு ஒரு சொட்டு. அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் செயினுக்குச் சுமார் 110 கண்ணி, மொத்தம் 5, 6 மி.லி. பத்து நிமிடம் ஊற விட்டு வெளிப்புறத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். வேலை செய்வது உள்ளே போன எண்ணெய், வெளியே மின்னுவது மண்ணுக்கு அழைப்பு. டீரெயிலரின் நாலு மூட்டுக்கும் ஆளுக்கொரு சொட்டு.

ஜாக்கி வீல எப்ப மாத்தணும்?

பல் மழுங்காமல் கூராகச் சுறாத் துடுப்பு போல ஆகும்போது. மேல் வீல் பக்கவாட்டில் சற்று ஆடினால் பழுது என்று நினைக்க வேண்டாம். ஷிமானோ டீரெயிலர்களில் அது வேண்டுமென்றே வைத்தது, செயின் தானே நேர் பார்த்துக்கொள்ள உதவும். ஆகவே கழற்றும்போது மேலதைக் கீழே, கீழதை மேலே மாற்றிவிடாதீர்கள். அம்புக்குறி இருந்தால் சுழலும் திசை அதுதான். புஷ்ஷைத் துடைத்துத் துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.

டீரெயிலர் உடைஞ்சு போச்சு. வேற கம்பெனி, வேற கியர் டீரெயிலர் போடலாமா?

ஷிமானோவின் 6, 7, 8, 9 கியர் டீரெயிலர்கள் ஒரே இழுப்புக் கணக்கில் ஓடுபவை. அதன் 7 கியர் மாடலான டூர்னி உடைந்தால் ஆல்டஸ், ஏசெரா மாடல் போடலாம், ஷிஃப்டரை மாற்ற வேண்டாம். 10 கியர் மலைச் சைக்கிள் டீரெயிலருக்குக் கணக்கு வேறு, பழைய ஷிஃப்டரோடு ஒத்துப்போகாது. ஸ்ராமுக்கு அதன் சொந்தக் கணக்கு. ஆக்சில் தகடு வகையா, நேரடி ஹேங்கர் வகையா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

கூண்டின் நீளமும் பொருந்த வேண்டும். முன்னே 42-34-24, பின்னே 14-28 என்றால் முன் வித்தியாசம் 18, பின் வித்தியாசம் 14, ஆக 32 பல். டீரெயிலரின் கொள்ளளவு அதற்குக் குறையக் கூடாது. கூடவே அது தாங்கும் பெரிய பல்சக்கரமும் 28க்குக் குறையக் கூடாது.

மலையில வச்சுக் கேபிள் அறுந்துட்டு. எப்படி ஊர் வந்து சேர்றது?

கேபிள் போனால் ஸ்பிரிங் செயினைச் சின்னச் சக்கரத்துக்குத் தள்ளிவிடும். அதில் மணிமுத்தாறு ஏற்றம் ஏற முடியாது. எச் ஸ்க்ரூவை வலமாக முழுதும் திருகுங்கள், இரண்டாவது சக்கரத்துக்கு வரும், சில டீரெயிலரில் மூன்றுக்கும் வரும். எத்தனை சுற்று என்று எண்ணி வைத்தால் பிறகு திருப்ப எளிது. இன்னும் லேசான கியர் வேண்டுமானால் டீரெயிலரைக் கையால் உள்ளே தள்ளிப் பிடித்து, அதன் நாற்கோண இடுக்கில் ஒரு குச்சியைச் செருகிக் கட்டிவிடுங்கள்.

ஹேங்கரே முறிஞ்சு டீரெயிலர் தொங்குனா?

செயின் கழற்றும் கருவி இருந்தால், டீரெயிலரை விட்டுச் செயினை நேராக முன் சக்கரத்திலிருந்து நடுப் பல்சக்கரம் ஒன்றுக்கு மாட்டி, தொய்வில்லாத நீளத்தில் வெட்டி இணைக்கலாம். கோடு நேராக இருக்க வேண்டும், சாய்ந்திருந்தால் மிதிக்கும்போது செயின் பெரிய சக்கரத்துக்குத் தானே ஏறி இறுகிவிடும். எழுந்து நின்று மிதிக்காமல் உட்கார்ந்தே மெல்ல வாருங்கள். பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் இது பெரும்பாலும் நிற்காது, உருட்டித்தான் வர வேண்டும்.

பஸ் மேலயும் ரயிலுலயும் சைக்கிள ஏத்தும்போது?

செயினைப் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றி வைத்தால் டீரெயிலர் உள்ளே ஒதுங்கி நிற்கும். இடப்பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். தூரப் பயணம் என்றால் 5 மி.மீ. ஆலன் கீயால் டீரெயிலரை ஹேங்கரிலிருந்து கழற்றி, துணி சுற்றிச் செயின் தண்டோடு (பெடலடியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் பிரேம் குழாய்) கட்டிவிடுவது மேல், கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. திரும்ப மாட்டும்போது மரை கோணாமல் முதலில் கையால் ஏற்றி, பிறகு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். சக்கரத்தைத் தனியாகக் கழற்றும் சமயம் மட்டும் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கிக்கொள்ளுங்கள், டீரெயிலரில் கூண்டு ஆடாமல் பிடிக்கும் கிளட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.